பாக்டீரியா கொழுப்பு அமிலத்தை எப்படி உள்ளே எடுத்துச் சிதைக்கிறது? அமிலத்தின் கார்பன் சங்கிலி சின்னதாக இருந்தால் அதற்குச் சுலபம்தானே?

சுலபம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால், ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்குச் சின்னச் சங்கிலி கொண்ட டெக்கனாயிக் அமிலத்தை மட்டும் உணவாகக் கொடுத்துவிட்டு, ஒன்றுமே முளைக்காத வளர்ப்புத் தட்டோடு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. உங்கள் கைவேலையில் குறை இருக்க வேண்டிய அவசியமில்லை.

வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈ. கோலையின் வெளிச்சவ்வை நீளமான கொழுப்பு அமிலம் தானாகக் கடந்துவிடாது. அதற்கென்றே ஃபேட்-எல் என்ற புரதம் இருக்கிறது: 14 இழைகள் சேர்ந்த பீப்பாய், நடுவில் ஓர் அடைப்பான். 2004-ல் இதன் வடிவம் வெளியானது. அமிலம் வந்து ஒட்டினால் அடைப்பான் கொஞ்சம் விலகும். பீப்பாயின் பக்கவாட்டு இடைவெளி வழியாக அமிலம் சவ்வுக்குள்ளேயே நழுவிப் போகும். அப்புறம் உட்சவ்வைத் தாண்டியதும் ஃபேட்-டி என்ற நொதி செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து அதைக் கோஎன்சைம் ஏ (சுருக்கமாக கோஏ) என்ற துணை மூலக்கூறுடன் பிணைத்துவிடும். பிறகு இரண்டிரண்டு கார்பனாக வெட்டுதான். 16 கார்பன் பால்மிட்டிக் அமிலம் என்றால் 7 வெட்டு, 8 அசிட்டைல் கோஏ (கோஏ ஒட்டிய இரண்டு கார்பன் துண்டு).

(வெளிச்சவ்வே இல்லாத பாக்டீரியாவுக்கு இது பொருந்தாது என்று யாராவது சொல்ல வருவீர்கள். தெரியும். நான் ஈ. கோலையைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன்.)

சரி, டெக்கனாயிக் அமிலத்தில் 10 கார்பன்தான். ஆனாலும் வளராது. படிக்கும் காலத்தில் நான் வாரக்கணக்கில் இதோடு மல்லுக்கட்டினேன். நீளச் சங்கிலி கொண்ட ஒலியிக் அமிலத் தட்டில் அதே ஈ. கோலை வகை நன்றாக வளர்ந்தது. டெக்கனாயிக் தட்டு மட்டும் காலியாகவே கிடந்தது. நான்காம் நாள் அதன் ஓரத்தில் மூன்று காலனிகள். குண்டூசித் தலை அளவு, வெண்மை, வழவழப்பான விளிம்பு. வழிகாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "வெளிக்கிருமி விழுந்திருக்கிறது, தூக்கிப் போடு" என்றார்.

நான் போடவில்லை. மூன்றையும் எடுத்துப் புதிய டெக்கனாயிக் தட்டில் கோடாக இழுத்துப் பரப்பினேன். இந்த முறை தட்டு முழுக்க வளர்ச்சி. எங்கள் வகைக்கு இருந்த ஆன்டிபயாடிக் எதிர்ப்பும் அப்படியே இருந்தது. வெளியிலிருந்து எதுவும் விழவில்லை, அவை எங்கள் பாக்டீரியாவேதான்.

விஷயம் இதுதான். சிதைக்கும் நொதிகளின் மரபணுக்களை ஃபேட்-ஆர் என்ற புரதம் பூட்டி வைத்திருக்கிறது. நீளச் சங்கிலி கோஏ-யுடன் சேர்ந்து வந்து ஒட்டினால்தான் அது டிஎன்ஏ-வை விடும். 10 கார்பன் சங்கிலிக்கு அது அசைந்து கொடுக்காது. டெக்கனாயிக் அமிலத்தைச் சிதைக்கும் திறமை பாக்டீரியாவிடம் இருக்கிறது, ஆனால் கருவிகள் பூட்டிய அறையில் கிடக்கின்றன. கோடிக்கணக்கான செல்களில் ஏதோ ஒன்றில் ஃபேட்-ஆர் மரபணு தற்செயலாகக் கெட்டுப்போனால் பூட்டு போய்விடும், அந்த செல் மட்டும் வளரும். ஃபேட்-ஆர் பிறழ்வுகளைத் தேடிப் பிடிக்க 1960-களிலேயே இதே முறையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

என் பதிவேட்டில் அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் "மாசு" என்று எழுதியிருந்ததை யாரும் திருத்தவில்லை. எதிர்பார்த்த விடை வந்தவர்களுக்கு முழு மதிப்பெண், எனக்குப் பாதி. செய்முறைத் தேர்வை இப்படி மதிப்பிட்டால் எந்த மாணவர் தட்டை உற்றுப் பார்ப்பார்? இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் தட்டை இன்னும் இரண்டு மூன்று நாள் இன்குபேட்டரிலேயே வையுங்கள். ஏதாவது முளைத்தால் தூக்கிப் போடாமல், புதிய தட்டில் இழுத்துப் பாருங்கள்.