நாணயச் சேகரிப்புக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

கேள்வி: எனக்கு வயது 38. ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். பிடித்தம் போக மாதம் 58,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை 17,500 ரூபாய், குடும்பச் செலவு 24,000 ரூபாய், மகளின் பள்ளிக் கட்டணமும் காப்பீட்டு பிரீமியமும் மாதக் கணக்கில் 8,500 ரூபாய், ஆர்.டி. 3,000 ரூபாய். மகளுக்கு ஆறு வயது. பத்தாண்டுகளாகப் பழைய நாணயங்களைச் சேகரித்து வருகிறேன். கடந்த ஓராண்டில் மட்டும் அதற்கு 96,000 ரூபாய் செலவாகியுள்ளது. அதில் 36,000 ரூபாய் கிரெடிட் கார்டில் நிலுவையாக நிற்கிறது. மகளின் மேற்படிப்புக்கு இது ஒரு முதலீடு என்று நான் சொன்னால் மனைவி ஏற்க மறுக்கிறார். பொதுவாக நாணயம் சேகரிப்பவர்கள் ஆண்டுக்கு எவ்வளவு செலவிடுகிறார்கள்? என் செலவு அதிகமா?

பதில்: உங்கள் முதல் கேள்விக்கு ஒரே தொகையைப் பதிலாகச் சொல்ல இயலாது. புழக்கத்தில் வரும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நினைவு நாணயங்களை மட்டும் சேர்ப்பவர், முகமதிப்பையும் ஆல்பத்தின் விலையையும் தவிர ஏறக்குறைய எதையும் செலவிடுவதில்லை. 1995இல் தஞ்சையில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் உருவத்துடன் வெளியான நாணயம், 2003இல் காமராஜர் நூற்றாண்டுக்கு வந்த ஐந்து ரூபாய் ஆகியவை சில்லறையாகவே பலர் கைக்கு வந்தவை. அரசு நாணயச்சாலைகள் பெட்டியில் வைத்து விற்கும் ப்ரூஃப் நாணயங்களை (சேகரிப்பாளர்களுக்கென்றே கண்ணாடிப் பளபளப்புடன் அச்சிடப்படுபவை) ஒன்று விடாமல் வாங்குபவருக்கு ஆண்டுக்குப் பல ஆயிரங்கள் ஆகும். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்களை ஆண்டு வாரியாகவும் நாணயச்சாலை வாரியாகவும் நிரப்ப முனைபவருக்கோ, சோழர், விஜயநகரப் பொற்காசுகளின் பக்கம் போனவருக்கோ ஒரே ஏலத்தில் லட்சம் கரைந்துவிடும். எனவே மற்றவர்களின் சராசரி தெரிந்தாலும் உங்களுக்கு அது பயன்படாது. உங்கள் வரவில் கட்டாயச் செலவும் சேமிப்பும் போக என்ன மிஞ்சுகிறது என்பதிலிருந்துதான் இந்தத் தொகை பிறக்க வேண்டும்.

நீங்கள் தந்த எண்களைக் கூட்டினால் மாதம் 53,000 ரூபாய் ஏற்கெனவே போய்விடுகிறது. மிஞ்சுவது 5,000 ரூபாய், ஆண்டுக்கு 60,000 ரூபாய். நீங்கள் செலவிட்டதோ 96,000 ரூபாய், அதாவது கைக்கு வரும் வருமானத்தில் ஏறத்தாழ 14 சதவீதம். கூடுதலாகப் போன 36,000 ரூபாய் அப்படியே கார்டில் நிற்கிறது. மாதம் 3.5 சதவீத வட்டி என்று கொண்டால் அந்த நிலுவைக்கு முதல் மாதத்திலேயே 1,260 ரூபாய் வட்டி. பண்டிகை, மருத்துவம், வண்டிப் பழுது எதற்கும் இந்தக் கணக்கில் இடமே விடவில்லை என்பதையும் கவனியுங்கள். ஆகவே, ஆம், உங்கள் வரவுக்கு இது அதிகம். இதில் உங்கள் மனைவியின் கவலை நியாயமானது.

முதலீடு என்ற வாதத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் பல சேகரிப்பாளர்கள் மனதார நம்பும் வாதம் இது. ஏலத்தில் ஒரு நாணயத்தை 10,000 ரூபாய்க்கு எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏல நிறுவனம் வாங்குபவரிடம் வசூலிக்கும் கூடுதல் கட்டணமான பிரீமியம், அதன் மேல் ஜி.எஸ்.டி., கூரியர், காப்பீடு எல்லாம் சேர்ந்து உங்கள் கையிலிருந்து போவது சுமார் 12,000 ரூபாய். மறுநாளே அதை ஒரு டீலரிடம் கொண்டுபோனால், சந்தை விலையில் முப்பது சதவீதம் குறைத்து 7,000 ரூபாய்க்குக் கேட்பார். கடை வாடகையும், பல மாதம் விற்காமல் கிடக்கும் சரக்கும் அவருக்கு உண்டு. அதைக் குறையாகச் சொல்ல முடியாது. நீங்கள் போட்ட 12,000 ரூபாய் அவரிடமிருந்து திரும்பக் கிடைக்க வேண்டுமானால் நாணயத்தின் சந்தை விலை 17,000 ரூபாயைத் தாண்ட வேண்டும். ஆண்டுக்கு 8 சதவீதம் விலை ஏறினாலும் அதற்கு ஏழு ஆண்டுகள் ஆகும். அந்த ஏழு ஆண்டுகளில் நாணயம் ஒரு பைசா வட்டியும் தராது. கல்லூரியில் கட்டணம் கட்ட வேண்டிய வாரத்தில் சரியான விலைக்கு ஆள் கிடைப்பார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

வெள்ளி ரூபாய்க்கு உலோக மதிப்பு உண்டே என்று நீங்கள் கேட்கக்கூடும். விக்டோரியா காலம் முதல் ஐந்தாம் ஜார்ஜ் காலம் வரையிலான ரூபாய் 11.66 கிராம் எடையும் 91.7 சதவீத வெள்ளியும் கொண்டது. ஆக, அதிலுள்ள தூய வெள்ளி சுமார் 10.7 கிராம். வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதன் அடிமட்ட மதிப்பு 1,070 ரூபாய். அதற்கு மேல் நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அரிய தன்மைக்கும், நாணயம் தேயாமல் இருக்கும் நிலைக்கும் கொடுப்பது. 1911ஆம் ஆண்டு ரூபாயில் மன்னரின் அங்கியில் பொறித்த யானை பன்றியைப் போலத் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்து, அடுத்த ஆண்டே உருவம் திருத்தப்பட்டது. எடையும் வெள்ளியும் ஒன்றாகவே இருந்தும் 1911ஆம் ஆண்டு ரூபாய், 1912ஆம் ஆண்டு ரூபாயைவிடப் பன்மடங்கு விலை போவது அந்தக் கதையாலும் எண்ணிக்கைக் குறைவாலும்தான். இந்தக் கதைதான் சேகரிப்பின் சுவை. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மகளின் படிப்புச் செலவை அதன் மேல் ஏற்றிவைக்கக் கூடாது. அரிதானது என்று பெயர் வாங்கிய நாணயத்துக்குப் போலியும் அதிகம். அப்படிப் பெயர் வாங்கிய 1939ஆம் ஆண்டு ரூபாயை நம்பகமான சான்றோ, திருப்பி எடுத்துக்கொள்ளும் எழுத்துபூர்வ உறுதியோ இல்லாமல் வாங்க வேண்டாம். தராசில் எடை சரியாக இருப்பது மட்டும் போதாது. வேறோர் ஆண்டின் அசல் நாணயத்தில் ஆண்டை மட்டும் திருத்தியிருந்தால் அதுவும் அதே எடைதான் காட்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. கார்டு நிலுவை தீரும்வரை புதிதாக எதையும் வாங்காதீர்கள். மிஞ்சும் 5,000 ரூபாயை முழுவதும் அதற்கே கட்டினால் ஒன்பதாம் மாதத்தில் தீரும். பத்தாண்டுச் சேகரிப்பில் ஒரே நாணயம் இரண்டு மூன்றாக இருப்பது இயல்பு. அவற்றை உங்கள் ஊர்ப் பக்கத்து நாணயச் சங்கக் கூட்டத்திலோ கண்காட்சியிலோ மற்றொரு சேகரிப்பாளருக்கே நேரடியாக விற்றால், டீலருக்கு விற்பதைவிட நல்ல விலை கிடைக்கும். கடனும் விரைவில் அடையும்.

கடன் தீர்ந்த பிறகு அந்த 5,000 ரூபாயில் 3,000 ரூபாயைச் சேமிப்புக்கும் 2,000 ரூபாயை நாணயங்களுக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 24,000 ரூபாய், வருமானத்தில் மூன்றரை சதவீதத்துக்குச் சற்றே குறைவு. இன்றைய நிலையில் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய உச்சவரம்பு அதுதான். அதைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, ஏலத்துக்கும் கண்காட்சிக்கும் அதிலிருந்து மட்டும் எடுங்கள். மூன்று மாதம் வாங்காமல் இருந்து 6,000 ரூபாய்க்கு ஒரு நல்ல நாணயம் வாங்குவதில் தவறே இல்லை. வாரம் ஒன்றாகச் சாதாரணக் காசுகளை வாங்கிக் குவிப்பதைவிட அது மேலானதும்கூட. பயணச் செலவு, புத்தகம், நாணயத்தை மூடிவைக்கும் பிளாஸ்டிக் கூடான கேப்ஸ்யூல், தரச்சான்றுக் கட்டணம் எல்லாம் இந்த 24,000 ரூபாய்க்குள் அடங்க வேண்டும்.

பாதுகாப்புப் பொருளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மலிவான மென் பி.வி.சி. உறையில் ஓரிரு ஆண்டு வைத்த செப்புக் காசின் விளிம்பில் பிசுபிசுப்பான பச்சைப் படலம் ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உறையிலிருந்து கசியும் வேதிப்பொருள் உலோகத்தை அரிப்பதன் அடையாளம் அது. பி.வி.சி. கலக்காத மைலார் பிளாஸ்டிக் உறையும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் சில நூறு ரூபாய்தான். செப்புக் காசைப் புளி போட்டுத் துலக்குவதும் வெள்ளி ரூபாயை விபூதியால் தேய்ப்பதும் வீட்டுப் பாத்திரங்களுக்குச் சரி. நாணயத்துக்குச் செய்தால் மேற்பரப்பில் மயிரிழைக் கீறல்கள் விழுந்து விலை பாதியாகிவிடக்கூடும். வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

சேமிப்புக்கு ஒதுக்கும் 3,000 ரூபாயில் ஒரு பகுதியை மகளின் பெயரில் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். பத்து வயதுக்குள் கணக்குத் தொடங்க வேண்டும் என்பதால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆண்டுக்கு 250 ரூபாய் முதல் 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டலாம். மகளுக்குப் பதினெட்டு வயதானதும் படிப்புக்காக இருப்பில் பாதி வரை எடுக்கலாம். மீதியை அவசர நிதியாக வங்கியிலேயே வையுங்கள். உங்கள் வீட்டின் ஆறு மாதக் கட்டாயச் செலவு 3 லட்சம் ரூபாய், ஆர்.டி.யில் சேர்ந்த தொகையையும் கணக்கில் எடுத்து அந்த இலக்கை நோக்கிப் போங்கள்.

வைஷ்ணவதேவி உருவம் பொறித்த ஐந்து, பத்து ரூபாய் நாணயங்களை லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்வதாக வரும் விளம்பரங்களை நம்பி, வருமானம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்குவதாகச் சொல்லித் தனது பெயரிலும் சின்னத்திலும் கட்டணம், கமிஷன், வரி கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. விற்பவரிடம் முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் பேச்சை அத்துடன் நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. ஒரு நோட்டில் ஒவ்வொரு நாணயத்தின் ஆண்டு, நாணயச்சாலைக் குறி (எந்தச் சாலையில் அச்சானது என்று காட்டும் சிறு அடையாளம்), வாங்கிய தேதி, கொடுத்த மொத்தத் தொகை, யாரிடம் வாங்கியது என்பவற்றை எழுதி, பில்லையும் சேர்த்து வையுங்கள். பின்னாளில் லாபத்தில் விற்றால் வரிக் கணக்குக்கு ஆடிட்டர் முதலில் கேட்பது இவற்றைத்தான். நூறாண்டைக் கடந்த நாணயங்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருவதால், வெளிநாட்டில் இருப்பவர் நல்ல விலை கொடுப்பதாகச் சொன்னாலும் தபாலில் அனுப்பக் கூடாது என்பதை அந்தப் பட்டியலிலேயே உரிய நாணயங்களுக்கு எதிரே குறித்துக்கொள்ளுங்கள். நோட்டு இருக்கும் இடமும், விற்க நேர்ந்தால் அணுகக்கூடிய இரண்டு நம்பகமான டீலர்களின் பெயரும் உங்கள் மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.