கேள்வி-பதில்: டிட்ஜெரிடூ வாங்குகிறீர்களா? (ஆஸ்திரேலியப் பழங்குடியினரான அபோரிஜினல் மக்கள், கறையான் குடைந்த மரக்கட்டையில் செய்யும் நீண்ட ஊதுகருவி இது.)

கே: சுற்றுலாக் கடையில் 60 டாலருக்கு டிட்ஜெரிடூ வாங்கினேன். 'கையால் தீட்டியது' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. அசல்தானே? (கெய்ர்ன்ஸ்)

ப: அடிவாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். கறையான் தின்ற துளை மேடும் பள்ளமுமாக, கோணலாகப் போகும். வழவழவென்று ஒரே அளவாக இருந்தால் டிரில்லிங் மெஷின் வேலை. நீளவாக்கில் பசைக்கோடு தெரிந்தால், கட்டையைப் பிளந்து குடைந்து ஒட்டியிருக்கிறார்கள். கையால் தீட்டியதுதான், யார் கை? என் வீட்டிலும் அப்படி ஒன்று துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

கே: 'அபோரிஜினல் கலைஞர் செய்தது' என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தார்கள். இந்தோனேசியச் சரக்கு என்று பிறகுதான் தெரிந்தது. பணம் போனதுதானா? (பிரிஸ்பேன்)

ப: போகவில்லை அம்மா, உங்கள் மேல் தப்பும் இல்லை. சொன்ன விவரமும் பொருளும் பொருந்தாவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்க ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தில் இடம் உண்டு. பில் நகலோடு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மாநில ஃபேர் டிரேடிங் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். இந்தோனேசியாவில் செய்ததை அபோரிஜினல் பொருள் என்று நம்பவைத்து விற்ற பிருபி ஆர்ட் நிறுவனத்துக்கு 2019-இல் நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டது. 18,000-க்கும் மேற்பட்ட சரக்கு விற்றுத் தீர்ந்த பிறகு! நிறுவனமும் அதற்குள் கடையை மூடிக் கணக்குத் தீர்க்கும் கட்டத்தில் இருந்தது.

கே: கறையான் குடைந்த கட்டைக்கு 500 டாலரா? (சிட்னி)

ப: கட்டைக்கு இல்லை ஐயா, காதுக்கு. வட ஆஸ்திரேலியாவில், வடகிழக்கு ஆர்னெம் லாண்டில் வாழும் யோல்ங்கு பழங்குடி மக்கள் டிட்ஜெரிடூவை யிடாக்கி என்பார்கள். காட்டில் ஸ்டிரிங்கிபார்க் யூகலிப்டஸ் மரத்தில் பட்டையைக் கொஞ்சம் செதுக்கிவிட்டுத் தட்டிக் கேட்பார்கள். சத்தத்திலேயே உள்ளே எவ்வளவு பொந்து என்று தெரிய வேண்டும். பல மரம் தட்டினால் ஒன்று தேறும். பச்சையாக வெட்டி, பட்டை உரித்து, கறையான் மண்ணைக் குத்தி எடுத்து, வெளிப்பக்கம் சீவுவார்கள். சுவர் தடித்தால் சத்தம் அமுங்கும், மெலிந்தால் கட்டை விரிசல் விடும். வாய் அகலமாக இருந்தால் கொசுத்தேனீ மெழுகை வைத்துச் சுமார் 3 செ.மீ.க்குக் குறைப்பார்கள். இதெல்லாம் அப்பா, மாமன்களோடு காட்டுக்குப் போய்ப் பையன்கள் பழகுவது. எந்தக் குலத்துக் கோலத்தை யார் தீட்டலாம் என்பதும் அவர்கள் சொல்லித்தான் தெரியும். 60 டாலர் போலி விற்கும் இடத்தில் இவர்கள் உழைப்புக்கு என்ன விலை கிடைக்கும்? இதில் எனக்குப் பெரிய எரிச்சல், போலி செய்வதையே சட்டம் தடுக்கவில்லை. பொய் சொல்லி விற்றால்தான் குற்றம். அந்தப் பகுதியிலுள்ள யிர்க்கலா ஊரின் புக்கு-லார்ங்கை முல்க்கா மாதிரிக் கலை மையங்களில், செய்தவர் பெயரும் குலமும் எழுதிய சான்றிதழோடு வாங்குங்கள்.

கே: குலக் கோலத்தைப் பிவிசி குழாயில் வரைந்து விற்கலாமா? (பெர்த்)

ப: கூடாது. ஊதிப் பழக வெறும் குழாய் போதும்.

கே: நல்ல யிடாக்கி. வெயிலில் காருக்குள் வைத்திருந்தேன். இப்போது காற்றாக வருகிறது, மெழுகும் உருகிவிட்டது. விற்றவர் பொறுப்பா? (மெல்பர்ன்)

ப: அவர் ஏன் பொறுப்பு? காரில் வைத்தது யார்? அடிவாயை இறுக மூடி, மேலே வாய்வைத்து உறிஞ்சுங்கள். காற்று உள்ளே வந்தால் விரிசல். மயிரிழை என்றால் மரப்பசையை விரலால் அழுத்தித் தேய்த்து, ஈரத்துணியால் வழித்து, நன்றாக உலரவிடுங்கள். ஓவியத்தின் மேல் பசை படக்கூடாது. பழைய மெழுகைச் சுரண்டிவிட்டு, தேன்மெழுகை வெந்நீரில் இளக்கி, சுண்டுவிரல் தடிமனுக்கு உருட்டி, ஈரமில்லாத விளிம்பில் சுற்றி அழுத்துங்கள். ஹீட்டர் பக்கமும் வைக்காதீர்கள்.