கடன் யார் பெயரில்?

கேள்வி: மகளுக்கு 19 வயது. ஹைஸ்கூல் முடித்துவிட்டு ஒரு வருடமாக மளிகைக் கடையில் கேஷியராக இருக்கிறாள். இப்போது ஒரு தனியார் கல்லூரியில் ஓராண்டு லிபரல் ஆர்ட்ஸ் (இலக்கியம், வரலாறு, தத்துவம் போன்ற பொதுப் பாடங்கள்) சர்டிஃபிகேட் படிக்கப் போகிறேன் என்கிறாள். கட்டணம் 14,000 டாலர். அவள் பெயரில் 5,500, என் பெயரில் 8,500 கடன் எடுக்கலாம் என்கிறார்கள். "இதைப் படித்தால் யார் வேலை தருவார்கள்? கம்ப்யூட்டர் படிக்கச் சொல்" என்கிறார் கணவர். ஒவ்வொரு கல்லூரியிலும் படித்தவர்களின் கடனையும் சம்பளத்தையும் காட்டும் அரசின் காலேஜ் ஸ்கோர்கார்ட் தளத்தில் பார்த்தேன். கடன் குறைவாகத்தான் தெரிகிறது. சம்பளத்துக்கு நேரே 'தகவல் இல்லை' என்று இருக்கிறது. என்ன செய்ய?

(ஒரு தாய், ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா)

பதில்: சகோதரி, முதலில் அந்த 8,500-ஐப் பார்ப்போம். அது பேரன்ட் பிளஸ் கடன், அதாவது பிள்ளையின் படிப்புக்காகப் பெற்றோர் அரசிடம் வாங்கும் கடன். மகள் படிப்பை முடித்தாலும் பாதியில் விட்டாலும் கட்ட வேண்டியவர் நீங்கள்தான். 2025-26 கல்வியாண்டில் அதற்கு வட்டி 8.94 சதவீதம், மகளின் கடனுக்கு 6.39. இதுபோக, உங்கள் கடனில் ஏறக்குறைய 360 டாலரைக் கடன் தருவதற்கான கட்டணம் என்று முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். இரண்டு கடனையும் பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் 170 டாலர் போல ஆகும். கூட்டிப் பாருங்கள், 20,000-ஐத் தாண்டும்.

ஸ்கோர்கார்டில் கடன் குறைவாகத் தெரிவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். மாணவர் கடன் என்று அங்கே முதலில் கண்ணில் படும் எண்ணில் பெற்றோர் வாங்கிய கடன் சேராது. அதைத் தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும். கடனே வாங்காமல் படித்தவர்களும் அந்தக் கணக்கில் இல்லை.

சம்பளத்தைப் பொறுத்தவரை, படித்தவர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு என்றால் தனியுரிமைக்காக மறைத்துவிடுவார்கள். அப்படி மறைக்காத கல்லூரிகளிலும் லிபரல் ஆர்ட்ஸ் சர்டிஃபிகேட்டின் எண்ணை நான் அவ்வளவாக நம்ப மாட்டேன். அதில் அரசு உதவி பெற்றவர்கள் மட்டும்தான் வருவார்கள். மேல்படிப்பில் இருப்பவர்களைக் கழித்துவிடுவார்கள். இந்தச் சர்டிஃபிகேட்டோ பெரும்பாலும் பட்டப்படிப்பின் முதல் வருடம் மாதிரி. நல்லபடியாகப் போனவர்கள் வேறு கல்லூரிக்கு மாறிப் படித்துக்கொண்டிருப்பார்கள். அங்கேயே நின்றுவிட்டவர்களின் சம்பளம்தான் நம் கண்ணுக்குத் தெரியும். ஆக, உங்கள் கணவர் கேட்பதும் நியாயம்தான். அந்தக் காகிதத்தை மட்டும் பார்த்து யாரும் வேலை தர மாட்டார்கள். ஆனால் அதற்குள் இருக்கும் யூனிட்டுகள் (வகுப்புகளுக்குக் கிடைக்கும் மதிப்பலகுகள்) வேறு கல்லூரியில் செல்லுமா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

கேட்பதையும் சேர்க்கை அலுவலகத்தில் கேட்காதீர்கள். "டிரான்ஸ்ஃபர் ஆகும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். என் மகனுக்கும் ஒரு கல்லூரியில் அப்படித்தான் சொன்னார்கள். மேடைப்பேச்சு வகுப்பு ஒன்று, மூன்றே யூனிட், மாறிய இடத்தில் ஏற்க மறுத்துவிட்டார்கள். ஒரு கோடை விடுமுறை முழுக்க அதே பேச்சைத் திரும்பப் பேசினான் பாவம். மகள் கடைசியில் எங்கே போய்ப் படிக்க நினைக்கிறாளோ, அந்தக் கல்லூரியிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இன்னொரு வழி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஃப்ரீமான்ட்டில் உள்ள ஓலோனி கல்லூரி ஒரு கம்யூனிட்டி காலேஜ், அதாவது முதல் இரண்டு வருடப் பாடங்களைக் குறைந்த கட்டணத்தில் படிக்கக்கூடிய அரசுக் கல்லூரி. கலிஃபோர்னியாவாசிகளுக்கு மாநிலம் முழுக்க யூனிட்டுக்கு 46 டாலர்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், மாநிலப் பல்கலைக்கழகம் இரண்டுக்கும் பொதுவாக கால்-கெட்டிசி என்ற பாடத் தொகுப்பை 2025 இலையுதிர் பருவத்திலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். குறைந்தது 34 யூனிட். ஆங்கிலம், கணிதம், கலை, சமூக அறிவியல், இயற்கை அறிவியல் எல்லாம் கலந்தது. உங்கள் மகள் படிக்க ஆசைப்படுவதும் கிட்டத்தட்ட இதைத்தானே? 34-ஐ 46-ஆல் பெருக்கினால் 1,564 டாலர். புத்தகம், இதர கட்டணம் தனி. வருமானம் குறைவான குடும்பங்களுக்கு இந்த 46-ஐயும் தள்ளுபடி செய்ய காலேஜ் பிராமிஸ் கிராண்ட் இருக்கிறது. எந்த வகுப்பு எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்பதை அசிஸ்ட் என்ற இணையதளத்தில் பாடம் பாடமாகப் பார்க்கலாம்.

மகளிடம் "லிபரல் ஆர்ட்ஸ் வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு வருடம் கல்லாப்பெட்டி முன் நின்ற பிள்ளை தானாகப் படிக்க வருகிறாள். அந்த ஆசையைக் கடன் கணக்கோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். அடுத்த பருவத்துக்கு இரண்டு வகுப்பு எடுக்கட்டும். வகுப்புக்கு மூன்று யூனிட் என்றால் 6 யூனிட், 276 டாலர்; அவளுடைய இரண்டு மூன்று நாள் ஷிஃப்ட் சம்பளத்தில் அவளே கட்டிவிடுவாள். ஒன்று அவளுக்குப் பிடித்த வரலாறோ தத்துவமோ. இன்னொன்று புள்ளியியலாக இருக்கட்டும்; தொகுப்பில் கணிதத்துக்கு அது கணக்காகும், அப்புறம் உங்கள் கணவர் சொல்லும் கம்ப்யூட்டர் பக்கம் அவள் மனம் போகுமா என்பதும் தெரிந்துவிடும்.

கடன் படிவத்தை நிரப்பி வைத்திருந்தாலும் பரவாயில்லை. கையெழுத்து மட்டும் இப்போது போடாதீர்கள்.