குரோஷியத் தீவுகளில் ஒரு வாரம் படகில்: கேள்வி பதில்

ஸ்பிளிட்டில் ஏறி, தீவு தீவாகத் தங்கி, டுப்ரோவ்னிக்கில் இறங்கும் பாய்மரப் படகுப் பயணம் பற்றிக் காரைக்குடிப் பக்கத்து உறவுகள் கேட்டவையும் என் பதில்களும்.

பள்ளத்தூர்: ஆச்சி, பெரிய கப்பலில் போனால் போதாதா? செலவும் குறைவாக இருக்கிறதே?

கப்பல் காலையில் இறக்கிவிட்டு மாலையில் ஏற்றிக்கொண்டு போய்விடும். அந்த ஊர்கள் அழகாவதே வெயில் தாழ்ந்த பிறகுதான். அதோடு, அவையெல்லாம் கடல்வழியாக வருகிறவர்களை எதிர்பார்த்துக் கட்டிய ஊர்கள். ஸ்பிளிட்டில் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கி.பி. 305ஐ ஒட்டிக் கட்டிய அரண்மனையின் தெற்கு வாசல் அந்தக் காலத்தில் நேரே கடலில் திறந்தது. இன்றும் அந்த மதிலுக்குள் குடும்பங்கள் வசிக்கின்றன, ஜன்னலுக்கு ஜன்னல் கொடி கட்டித் துணி காயப்போடுகிறார்கள். என்னைக் கேட்டால், பணம் சேர்த்துக்கொண்டு இன்னொரு வருடம் கழித்தாவது சின்னப் படகில் போங்கள்.

தேவகோட்டை: எங்களுக்குப் படகு ஓட்டத் தெரியாது. வாடகைக்குத் தருவார்களா?

லைசென்ஸும் ரேடியோ சான்றிதழும் இல்லாவிட்டால் படகை ஓட்டும் ஸ்கிப்பரோடுதான் எடுக்க வேண்டும். அவருக்குச் சாப்பாடும் படுக்க இடமும் நம் பொறுப்பு. பெரும்பாலும் சனி முதல் சனி வரை கணக்கு. ஓர் ஊரில் எடுத்து வேறு ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், முதலிலேயே பேசிவிடுங்கள்.

கானாடுகாத்தான்: அப்பத்தாவுக்கு 72 வயது. கூட்டிப்போகலாமா?

கடலைப் பற்றிப் பயப்பட வேண்டாம். தீவுகள் அரணாக நிற்பதால் பல இடங்களில் அலை அடங்கியிருக்கும். சாய்ந்து ஓடும் ஒற்றைப் படகைவிட இரண்டு அடிப்பாகம் சேர்த்த அகலமான கேட்டமரன் படகு அவருக்கு வசதி. உண்மையான சிரமம் துறையில்தான். படகின் பின்புறத்தைக் கரைப்பக்கம் கட்டிவிட்டு ஓர் ஒடுங்கிய பலகையைப் போடுவார்கள். படகு அசைய அசைய அதில் நடந்து இறங்க வேண்டும். வீட்டில் இரண்டு படி கைபிடிக்காமல் ஏறுகிறாரா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டுக் கிளம்புமுன்பே கொடுங்கள், தலைசுற்றிய பிறகு கொடுத்துப் பயனில்லை. கீழறையில் படுக்காமல் மேலே உட்கார்ந்து தூரத்தைப் பார்க்கட்டும்.

காரைக்குடி: ஏழு நாளில் எட்டுத் தீவு போட்டிருக்கிறோம். சரியா?

வேண்டாமப்பா, பாதிக்கும் கீழே குறையுங்கள். ஹ்வார், கோர்ச்சுலா, ம்ளெட் மூன்றும் போதும். ஹ்வாரில் ஸ்டாரி கிராட் பக்கம் தங்குங்கள். கி.மு. 384இல் கிரேக்கர்கள் குடியேறிய ஊர் அது. அவர்கள் கல்வரப்பு போட்டுப் பிரித்த வயல்களில் இன்னமும் திராட்சையும் ஒலிவமும் விளைகின்றன.

கோர்ச்சுலாவுக்கு ஓர் இரவாவது முழுதாகக் கொடுங்கள். மீன்முள் போலத் தெருக்கள் பிரியும் ஊர். கோடையில் வடமேற்கிலிருந்து வரும் மேஸ்ட்ரல் காற்று நுழைய மேற்குத் தெருக்களை நேராக விட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் மலையிலிருந்து பாய்ந்து வரும், ‘பூரா’ என்று பெயர் கொண்ட காற்றைத் தடுக்கக் கிழக்குத் தெருக்களை வளைத்துவிட்டார்கள். முகப்பிலிருந்து பின்கட்டுவரை வாசல்களை ஒரே நேராக வைத்த நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தத் தெருவில் நின்றதுமே விஷயம் புரிந்துவிடும். மார்கோ போலோ பிறந்த ஊர் இதுதான் என்று உள்ளூர்க்காரர்கள் உரிமை கொண்டாடுவார்கள். வெனிஸ்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. நம் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியவர் ஆயிற்றே, நமக்கும் கொஞ்சம் சொந்தம்தான்.

நாட்டரசன்கோட்டை: சைவச் சாப்பாடு? விசா?

படகில் அடுப்பு உண்டு. பருப்புப்பொடி, மோர்மிளகாய், எண்ணெயில் சுட்ட தேன்குழல், சீப்புச்சீடை எடுத்துப் போங்கள். நெய், பால்கோவா வேண்டாம். பால் பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை உண்டு. விசா, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன், பணம் யூரோ, இரண்டும் 2023 ஜனவரி 1 முதல்.

புதுவயல்: டுப்ரோவ்னிக்கில் கூட்டம் அதிகமாமே?

ஆமாம், ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் நெரிசல். செப்டம்பரில் போங்கள், தண்ணீரும் வெதுவெதுப்பாக இருக்கும். மரீனா என்கிற படகுத்துறை ஊரைவிட்டுத் தள்ளி கோமோலாட்ஸ் என்ற இடத்தில் இருக்கிறது, அங்கிருந்து பஸ்ஸில் வர வேண்டும்.

ஆனாலும் விட்டுவிடாதீர்கள். கடல் வணிகத்தால் நூற்றாண்டுகள் வாழ்ந்த குடியரசு அது. கொள்ளைநோய் பரவிய ஊர்களிலிருந்து வருகிறவர்களை 30 நாள் வெளியே நிறுத்திவைக்க 1377லேயே சட்டம் போட்டார்கள். இலங்கைக்குப் போனவர்கள் மண்டபம் முகாமில் காத்திருந்த கதையை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் இதை ஆர்வமாகப் பார்ப்பீர்கள். மதிலின் மேல் முழுச்சுற்று 1,940 மீட்டர், நிழல் கிடையாது. காலையில் திறந்தவுடன் ஏறிவிடுங்கள், தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும்.