பனிக்குடம் உடைந்த பிறகும் மருத்துவர்கள் ஏன் காத்திருக்கிறார்கள்?

உங்கள் கடிதத்தில் கால் வீக்கம் முதல் ரத்தப் பரிசோதனை அறிக்கை வரை பல கேள்விகள் இருக்கின்றன. ஆனால், 32-ஆவது வாரத்தில் பனிக்குடம் உடைந்து நான்கு நாட்களாக மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது, தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும்போது குழந்தையை இன்னும் உள்ளே வைத்திருப்பது ஆபத்தில்லையா என்ற ஒரே பயம்தான். ‘உடனே சிசேரியன் செய்து எடுத்துவிடச் சொல்’ என்று உங்கள் மாமியார் வற்புறுத்துவதும் அதே பயத்தினால்தான் என்பதால், முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

பனிக்குடம் முன்னதாகவே உடைந்துவிட்டால் குழந்தையை உடனே எடுப்பதா, காத்திருப்பதா என்பது மகப்பேறு மருத்துவத்தில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட கேள்வி. 11 நாடுகளில் 1,839 கர்ப்பிணிகளை உடனே பிரசவம் செய்யும் பிரிவு, காத்திருக்கும் பிரிவு எனக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடத்தப்பட்டு, 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. அதில் சேர்ந்தவர்கள் எல்லோரும் 34 வாரத்தைக் கடந்து, 37 வாரம் நிறையாதவர்கள். தொற்றின் அறிகுறியும் இல்லாதவர்கள். உடனே பிரசவம் செய்ததால் குழந்தைகளுக்கு ரத்தத்தொற்று குறிப்பிடும்படி குறையவில்லை. முதல் பிரிவில் 2 சதவீதம், காத்திருந்த பிரிவில் 3 சதவீதம். ஆனால், அவசரப்பட்டு எடுக்கப்பட்ட குழந்தைகளில் 8 சதவீதத்தினருக்கு மூச்சுத்திணறல் வந்தது. காத்திருந்து பிறந்தவர்களில் அது 5 சதவீதம்தான். சிசேரியனும் முதல் பிரிவில் 26 சதவீதம், இரண்டாவதில் 19 சதவீதம். காத்திருந்த தாய்மார்களுக்குக் காய்ச்சலும் பிரசவத்தை ஒட்டிய ரத்தப்போக்கும் கூடுதலாக இருந்தன என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. வீட்டுக்கு அனுப்பாமல் உங்களைக் கண்காணிப்பில் வைத்திருப்பதற்குக் காரணம் அதுவே. 34 வாரம் கடந்த குழந்தைக்கே தாயின் வயிறு இவ்வளவு உதவுகிறது என்றால், 32 வாரக் குழந்தைக்கு ஒவ்வொரு நாளும் எவ்வளவு பெறுமதியானது என்பதை உங்கள் மாமியாரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

மருத்துவர்கள் ‘எதுவும் செய்யவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குப் போடப்பட்ட டெக்ஸாமெத்தசோன் ஊசிகள் குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்வதற்கானவை. நியூசிலாந்து மருத்துவர்கள் லிகின்ஸும் ஹோவியும் 1972-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்கிய சிகிச்சை இது. இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வும் இந்த மருந்தால் குறைமாதக் குழந்தைகளின் இறப்பு குறைகிறது என்று உறுதி செய்தது. ஊசி போட்ட மறுநாள் உங்கள் ரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஏறியதைப் பார்த்து உங்கள் கணவர் இணையத்தில் தேடி, அது தொற்று என்று முடிவுகட்டியிருக்கிறார். கர்ப்பத்திலேயே அந்த எண்ணிக்கை சற்று உயர்ந்திருக்கும். இந்த ஊசியும் சில நாட்களுக்கு அதை உயர்த்தும். உங்களுக்கு அது இப்போது இறங்கியும் விட்டது. ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கைபேசியில் நோயைத் தேடுவதால் பயம்தான் பெருகும்.

தண்ணீர் வற்றி குழந்தை ‘காய்ந்துவிடும்’ என்ற அச்சமும் வேண்டாம். இந்த மாதத்தில் பனிக்குட நீரின் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீரே. அது தொடர்ந்து ஊறிக்கொண்டுதான் இருக்கும். இளநீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். ஆனால், அதனால் பனிக்குடத்தின் கிழிசல் அடைபட்டுவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். இரு கால்களிலும் ஒரே அளவாக உள்ள லேசான வீக்கத்தைப் பற்றி, ரத்த அழுத்தம் சரியாக இருக்கும்வரை, கவலைப்பட ஒன்றுமில்லை.

நீங்கள் விழிப்போடு கவனிக்க வேண்டியது முக்கியமாகத் தொற்றைத்தான். இரவு, பகல் பாராமல் செவிலியர் வந்து வெப்பமானியை வைப்பதும், நாடி பிடிப்பதும், குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பதும் அதற்காகத்தான். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, சும்மா படுத்திருக்கும்போதே நெஞ்சு படபடத்தாலோ, வயிற்றைத் தொட்டால் வலித்தாலோ அடுத்த பரிசோதனை நேரம்வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள். நாப்கினை மாற்றும்போது ஒவ்வொரு முறையும் அதைப் பாருங்கள். நிறமற்றோ வெளிர் மஞ்சளாகவோ இருப்பது சரி. பச்சையாகவோ பழுப்பாகவோ மாறினாலும், ரத்தம் கலந்திருந்தாலும், கெட்ட வாடை வீசினாலும் அந்த நாப்கினைத் தூக்கி எறியாமல் செவிலியரிடம் காட்டுங்கள். குழந்தையின் அசைவு குறைந்தாலும் அப்படியே. தொற்று வந்துவிட்டால் மேற்சொன்ன கணக்குகள் எதுவும் பொருந்தாது. வாரம் எதுவானாலும் குழந்தையை வெளியே கொண்டுவருவதுதான் சிகிச்சை.

இதனால்தான், முதுகுவலிக்கு என்று நீங்களாகவே பாராசிட்டமால் போட்டுக்கொள்வதாக எழுதியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. கர்ப்பத்தில் ஆகாத மருந்து என்பதால் இதைச் சொல்லவில்லை. நாம் எதிர்பார்த்துக் காத்திருக்கும் காய்ச்சலை அது மறைத்துவிடும். உள்ளே தொற்று வளர்ந்துகொண்டிருக்க, வெப்பமானி 98 என்றே காட்டும். அதோடு, விட்டுவிட்டு வரும் முதுகுவலி பிரசவவலியின் தொடக்கமாகவும் இருக்கலாம். பனிக்குடம் உடைந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒரு வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடுகிறது என்பதால், வலியை அமுக்காமல் சொல்லுங்கள்.

அதைவிடப் பெரிய தவறு, தொற்றைத் தடுக்க மருத்துவமனையில் தரும் எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ‘வீரியம் போதாது’ என்று மருந்துக்கடைக்காரர் சொன்னதை நம்பி, அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை உங்கள் கணவர் வாங்கி வந்தது. இந்த இரண்டு மருந்துகளையும் சோதித்த ஆய்வே இருக்கிறது. உங்களைப் போலப் பனிக்குடம் உடைந்த 4,826 பெண்களிடம் நடத்தப்பட்டு 2001-இல் வெளியான ‘ஆரக்கிள்’ ஆய்வில், எரித்ரோமைசின் பெற்ற தாய்மார்களுக்குப் பிரசவம் தள்ளிப்போனது; ஒற்றைக் குழந்தையைச் சுமந்தவர்களின் குழந்தைகளில் இறப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், மூளைப் பாதிப்பு ஆகியவற்றின் கூட்டு எண்ணிக்கையும் ஓரளவு குறைந்தது. நீங்கள் வாங்கிய கூட்டு மாத்திரையும் பிரசவத்தைத் தள்ளிப்போட்டது உண்மைதான். ஆனால் அதைப் பெற்ற தாய்மார்களின் குழந்தைகளுக்கு, குடல் திசு அழுகிப்போகும் கொடிய நோய் அதிகமாக வந்தது. பெரியவர்களின் தொற்றுக்கு நல்ல மருந்தான அதுவே, இந்த ஒரு நிலையில் தவிர்க்க வேண்டியதாக இருக்கிறது. இதை மருந்துக்கடையில் நின்று தீர்மானிக்க முடியாது.

இரண்டு மாத்திரைகள் விழுங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்காக நடுங்க வேண்டாம். அந்த ஆய்வில் நாளுக்குப் பலமுறை, நாள் கணக்கில் கொடுத்தார்கள். ஆனால், மூன்றாவதை எடுக்காதீர்கள். திட்டுவார்களே என்று தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கும் அந்த அட்டையையும், பாராசிட்டமால் அட்டையையும் இன்று ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் கொடுத்து, எதை எப்போது விழுங்கினீர்கள் என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.