பூஜ்யம் போடணுமா, எடுக்கணுமா? போன் நம்பர் கேள்வி-பதில்

சேலம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத் (வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் காசு கொடுத்துப் பேசும் கடை) வைத்திருந்த காலத்தில், வருகிறவர்கள் சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்து நீட்டுவார்கள். அதிலிருக்கும் நம்பரைப் பார்த்து எந்த ஊர், எந்த நாடு, முன்னால் எதைச் சேர்க்கணும், எதை வெட்டணும் என்று சொல்வதுதான் பாதி வேலை. இப்போது அதே இடம் ரீசார்ஜ் கடையாகிவிட்டது, சீட்டுக்குப் பதில் வாட்ஸ்அப்பில் கேள்வி வருகிறது. சேர்ந்து கிடந்தவற்றில் சிலதுக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்துகிறோம். போர்டிலும் கார்டிலும் +91 (0) 4281 என்று ஆரம்பித்து நம்பர் போட்டிருக்கிறோம். ஜெர்மனியிலிருந்து வர இருந்த ஒருவர் எத்தனை முறை அடித்தும் லைன் கிடைக்கவில்லை என்று மெயில் போட்டார். லைனில் கோளாறா? (ஏற்காடு)

லைன் நன்றாகத்தான் இருக்கும், கோளாறு அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிற பூஜ்யத்தில். உள்நாட்டில் அடித்தால் பூஜ்யம் போடு, வெளிநாட்டிலிருந்து அடித்தால் விட்டுவிடு என்று சொல்வதற்காக யாரோ கண்டுபிடித்த எழுத்துமுறை அது, ஆனால் பார்க்கிறவருக்கு அது எங்கே தெரியப்போகிறது, அவர் பாட்டுக்கு +91 போட்டு, பூஜ்யமும் போட்டு, மீதியையும் அடித்திருப்பார்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: பூஜ்யம் உங்கள் நம்பரில் சேர்ந்ததே இல்லை. "நான் என் ஊர் எல்லைக்கு வெளியே அடிக்கிறேன்" என்று எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்கிற உத்தரவு, அவ்வளவுதான். அதை நம்பரோடு ஒட்டி எழுதுவது, வீட்டு விலாசத்தோடு கேட் சாவியையும் சேர்த்து அச்சடிப்பது மாதிரி. இரண்டு பூஜ்யம் போட்டால் "நாட்டுக்கு வெளியே" என்று அர்த்தம். அதற்குப் பிறகு வருவதுதான் உண்மையான நம்பர்.

அந்த உண்மையான நம்பர் நம் நாட்டில் எங்கே போனாலும் பத்து இலக்கம். சென்னைக்கு 44, மீதி எட்டு இலக்கம். சேலத்துக்கு 427, மீதி ஏழு. உங்கள் ஏற்காட்டுக்கு 4281, மீதி ஆறு. ஊர் சின்னதாக ஆக கோட் நீளும், நம்பர் குறுகும், கூட்டினால் எப்போதும் பத்து. மலைக்குக் கீழே சுற்றுவட்டாரத்தைப் பாருங்கள், ஆத்தூர் 4282, சங்ககிரி 4283, நாமக்கல் 4286, ராசிபுரம் 4287, திருச்செங்கோடு 4288 என்று அக்கம்பக்கத்து ஊர்களெல்லாம் வரிசையாக நிற்கும். இப்படி இந்தியா முழுக்க 2,600-க்கு மேல் சின்னச் சின்ன வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே புது போர்டில் +91 4281 போட்டு, பக்கத்தில் ஆறு இலக்கத்தை எழுதுங்கள், அடைப்புக்குறியே வேண்டாம். உள்ளூர் ஆட்கள் குழம்புவார்கள் என்று தோன்றினால் கீழே இன்னொரு வரியில் 04281 என்று தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். மொபைலில் அடிக்கிறவர்களுக்கு பிளஸ் போட்டாலே எங்கிருந்தாலும் போய்விடும், கொண்டலாம்பட்டியிலிருந்து அடித்தாலும் சரி, பெர்லினிலிருந்து அடித்தாலும் சரி.

நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம். செயின் பின்னும் மிஷின் விஷயமாக இத்தாலிக்குப் பேச வேண்டும். நீங்கள் சொன்னபடி பூஜ்யத்தை எடுத்துவிட்டு அடித்தேன், தப்பான நம்பர் என்றே வருகிறது.

அண்ணே, பூஜ்யத்தை எடுக்கக்கூடாத நாடு இருக்கிறது, நீங்கள் சரியாக அதில்தான் போய் மாட்டியிருக்கிறீர்கள். 1998-லிருந்து இத்தாலியில் லேண்ட்லைன் நம்பரின் பூஜ்யம் நம்பரோடு ஐக்கியமாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்கு அடித்தாலும் போடணும், சேலத்திலிருந்து அடித்தாலும் போடணும். நகை மிஷின் என்றால் அநேகமாக விசென்சா அல்லது அரெட்சோவாக இருக்கும். விசென்சாவுக்கு +39 0444, அரெட்சோவுக்கு +39 0575, பூஜ்யத்தோடு. அதே ஆளின் மொபைல் 3-ல் ஆரம்பிக்கும், அதற்கு முன்னால் பூஜ்யம் கிடையாது. இந்த ஒரு நாட்டுக்காக என் பூத் சுவரில் தனியாக ஒரு காகிதமே ஒட்டி வைத்திருந்தேன்.

துபாய்க்கும் நீங்கள் அடிப்பீர்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். அங்கே லேண்ட்லைனை 04 என்று ஆரம்பித்து எழுதுவார்கள், நம் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு தமிழ்நாட்டு கோட் என்று நினைத்து அப்படியே அடித்து, எங்கேயோ போய் நிற்பார்கள். துபாய் 04, அபுதாபி 02, ஷார்ஜா 06. இங்கிருந்து அடிக்கும்போது பூஜ்யம் போய்விடும், +971 4 என்று வரும். மொபைல் 050 என்றிருந்தால் +971 50. சிங்கப்பூரில் இந்தத் தொல்லையே இல்லை, ஊர் கோட் என்பதே கிடையாது, +65 போட்டு எட்டு இலக்கம், வேலை முடிந்தது.

பையன் சிகாகோவில் இருக்கிறான். அவன் நமக்கு அடிக்கும்போது 011 போடுவதாகச் சொல்கிறான். நாம் 00 போடுகிறோம். ஏன் இந்த வித்தியாசம்? அப்புறம், அவன் நண்பன் கனடாவில் இருக்கிறான், அவனுக்கும் +1 தான். ஒரே நாடா என்ன? (ஆத்தூர்)

நல்ல கேள்வி அம்மா. நாட்டை விட்டு வெளியே போகும் உத்தரவு பெரும்பாலான நாடுகளில் 00. அமெரிக்காவும் கனடாவும் 011, ஜப்பான் 010, ஆஸ்திரேலியா 0011. மொபைலில் பூஜ்யத்தை அழுத்திப் பிடித்தால் வருகிற பிளஸ், நிற்கிற நாட்டில் என்ன வழக்கமோ அதைத் தானே போட்டுக்கொள்ளும். பையனிடம் உங்கள் நம்பரை பிளஸ்ஸோடு சேமிக்கச் சொல்லுங்கள், 011-ஐ மறந்துவிடலாம்.

கனடா விஷயம் பழைய கதை. 1947-ல் அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. கம்பெனி, கனடாவையும் சேர்த்து ஒரே நம்பர் திட்டம் போட்டு 86 பகுதிகளாகப் பிரித்தது. பின்னால் ஜமைக்கா, டிரினிடாட் மாதிரி கரீபியன் தீவுகளும் அதில் சேர்ந்தன. 1-க்குப் பிறகு வரும் மூன்று இலக்கத்தை வைத்துத்தான் எந்த நாடு என்று சொல்ல முடியும்.

அந்த மூன்று இலக்கத்தை எப்படிப் பிரித்துக் கொடுத்தார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். சுற்றுகிற டயல் வைத்த கறுப்பு போனில் 1-க்கு விரலை விட்டுச் சுற்றினால் லைனில் ஒரு துடிப்பு போகும், 2-க்கு இரண்டு, 9-க்கு ஒன்பது, பூஜ்யத்துக்குப் பத்து. டயல் திரும்பி வரும் 'கர்ர்ர்' சத்தத்தை வைத்தே என்ன நம்பர் என்று சொல்லிவிடலாம். ஆகவே கூட்டம் அதிகமான ஊர்களுக்குச் சீக்கிரம் சுற்றி முடிகிற கோட். முதல் இலக்கம் 1 அல்லது 0 ஆக இருக்கக்கூடாது, நடு இலக்கம் 0 அல்லது 1 ஆகத்தான் இருக்கணும், 11 என்று முடியக்கூடாது என்பது அன்றைய விதி. அந்த விதிக்குள் இருப்பதிலேயே குறைவானது 212, மொத்தம் ஐந்தே துடிப்பு, அது நியூயார்க்குக்குப் போயிற்று. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு 213, உங்கள் பையன் இருக்கும் சிகாகோவுக்கு 312, இரண்டுக்கும் ஆறு. பின்னால் வந்த அலாஸ்காவுக்கு 907, கூட்டிப் பாருங்கள், 26 துடிப்பு. இன்றைக்கு எல்லாரும் கண்ணாடியில் விரலால் தொட்டு அடிக்கிறார்கள், எந்த நம்பருக்கும் ஒரே நேரம்தான், ஆனால் கோட் மட்டும் மாறவில்லை.

இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறேன். அங்கே அவசரத்துக்கு எந்த நம்பர்? (அம்மாபேட்டை)

999. லண்டனில் 1937-ல் ஆரம்பித்தது, இன்றும் அதேதான், 112 அடித்தாலும் போகும். அமெரிக்கா போனால் 911, ஐரோப்பா முழுக்க 112. நம் ஊரிலும் இப்போது 112 இருக்கிறது, 100, 108 பழகியவர்கள் மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. நியூசிலாந்தில் மட்டும் 111. அவர்கள் டயலில் எண்கள் தலைகீழாக இருந்தன, 1-ஐச் சுற்றினால் ஒன்பது துடிப்பு போகும், அதாவது எக்ஸ்சேஞ்ச் மிஷினுக்கு இங்கிலாந்துக்காரர் 999 அடிப்பதும் நியூசிலாந்துக்காரர் 111 அடிப்பதும் ஒன்றுதான்.

நமக்கு 91 யார் கொடுத்தது? நேபாளத்துக்கு ஏன் மூன்று இலக்கம், நமக்கு ஏன் இரண்டு? (மேட்டூர், கல்லூரி மாணவர்)

1960-களில் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் உலகத்தைத் துண்டு போட்டார்கள். 1 வட அமெரிக்கா, 2 ஆப்பிரிக்கா, 3-ம் 4-ம் ஐரோப்பா, 5 தென் அமெரிக்காவும் மெக்சிகோவும், 6 தென்கிழக்கு ஆசியாவும் ஆஸ்திரேலியாப் பக்கமும், 7 அன்றைய சோவியத், 8 சீனா, ஜப்பான் இருக்கும் கிழக்கு, 9 நாம் இருக்கும் பக்கம். மொத்த நம்பர் நாட்டு கோட் உள்பட இத்தனை இலக்கத்தைத் தாண்டக்கூடாது என்று விதி உண்டு (இன்று 15), அதனால் நிறைய போன் வரப்போகிற பெரிய நாட்டுக்குச் சின்ன கோட், சின்ன நாட்டுக்கு நீளமான கோட் என்று வைத்தார்கள்.

சூட்சுமம் என்னவென்றால், ஒரு கோட் இன்னொரு கோடுக்குத் தொடக்கமாக இருக்காது. 9, அடுத்து 1 வந்ததுமே மிஷினுக்கு இந்தியா என்று தெரிந்துவிடும், மேலே காத்திருக்க வேண்டியதில்லை, ஆகவே 910, 911 என்று எந்த நாடும் இருக்க முடியாது. 97 என்று வந்தால் எந்த நாடும் இல்லை, இன்னொரு இலக்கம் வரணும்: 971 அமீரகம், 974 கத்தார், 977 நேபாளம்.

நாடு மறைந்தால் நம்பர் என்ன ஆகும் என்பதற்குக் கிழக்கு ஜெர்மனி. அதற்கு 37. 1990-ல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றானதும் 49 போதும் என்றாயிற்று, காலியான 37-ஐப் பத்தாக உடைத்து லித்துவேனியாவுக்கு 370, லாட்வியாவுக்கு 371, எஸ்டோனியாவுக்கு 372 என்று சின்ன நாடுகளுக்குப் பங்கு வைத்தார்கள். 379 வாடிகனுக்கு ஒதுக்கினார்கள், அவர்கள் அதைத் தொடவே இல்லை, இன்றும் ரோம் நகரத்து நம்பர்தான் வைத்திருக்கிறார்கள்.

நடுராத்திரி ஒரே ஒரு ரிங், கட். பார்த்தால் +1 473. அமெரிக்காவில் இருக்கும் மச்சானாக இருக்குமோ? (ஓமலூர்)

மச்சான் இல்லை. 473 கிரெனடா என்கிற கரீபியன் தீவு. திருப்பி அடித்தால் நம் காசு நிமிஷக் கணக்கில் போகும், அதில் பங்கு அந்த ரிங் விட்டவனுக்கு. தெரியாத வெளிநாட்டு நம்பருக்குத் திருப்பி அடிக்காதீர்கள், வேண்டியவர் என்றால் மறுபடி அவரே கூப்பிடுவார்.

பேங்கிலிருந்து என்று போன் வருகிறது. நிஜமா, டுபாக்கூரா என்று நம்பரை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா? (சங்ககிரி, லாரி உரிமையாளர்)

ஓரளவுக்கு முடியும். 140-ல் ஆரம்பித்தால் விளம்பரம். பேங்க் மாதிரி நிறுவனங்கள் கணக்கு விஷயமாகக் கூப்பிடுவதற்கு 1600 வரிசை கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் கூப்பிடும்போது 1800 என்றால் இலவசம், 1860 என்றால் உங்களுக்கும் காசு போகும், இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். பத்து இலக்க மொபைலிலிருந்து "பேங்க் மேனேஜர் பேசுகிறேன்" என்றால் வைத்துவிடுங்கள்.

"சிம் பிளாக் ஆகப்போகிறது, *401* போட்டு இந்த நம்பரை அடியுங்கள்" என்று ஒருத்தன் சொல்வான். அதை அடித்தால் உங்களுக்கு வரும் கால் எல்லாம் அவனுக்குப் போய்விடலாம், ஓ.டி.பி. சொல்லும் கால் உள்பட. ஏற்கெனவே அடித்துவிட்டீர்கள் என்றால் ##002# அடியுங்கள், ஃபார்வர்டு எல்லாம் ரத்தாகும். அதற்கும் சரியாகவில்லை என்றால் சிம் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

பேத்திக்கு ட்ரங்க் கால் என்றால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை. (ராசிபுரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, வெளியூருக்குப் பேச நம்பரை எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்துவிட்டு, அவர்கள் இணைத்துக் கொடுக்கும்வரை வீட்டில் காத்திருப்போம் என்று சொல்லுங்கள். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தரம், லைட்னிங் என்றால் கட்டணம் பல மடங்கு, சாவுச் செய்திக்குத்தான் போடுவார்கள். பி.பி. கால் என்று இன்னொன்று உண்டு, குறிப்பிட்ட ஆள் வந்து பேசினால்தான் இணைப்பு. நாமே கோட் போட்டு அடிப்பது இந்தியாவில் 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவேதான் முதலில் வந்தது. எங்கள் பூத் அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால். கண்ணாடிக் கூண்டுக்குள் ஆள் பேசிக்கொண்டிருப்பார், கண் மட்டும் மேலே சிவப்பு எழுத்தில் ஓடும் மீட்டரிலேயே இருக்கும். எல்லாம் கேட்டு முடித்து "சரி, வேறென்ன" என்று ஆரம்பிக்கும்போது மீட்டர் அடுத்த கட்டணத்துக்குத் தாவும், வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு டக்கென்று வைத்துவிடுவார்.

எஸ்டேட்டில் இன்னும் லேண்ட்லைன்தான். அதிலிருந்து மொபைலுக்கு முன்னெல்லாம் நேராகப் போகும், இப்போது பூஜ்யம் போடச் சொல்கிறது. மொபைல் நம்பர் 13 இலக்கம் ஆகப்போகிறது என்று வேறு சொல்கிறார்கள். (ஏற்காடு, நாகலூர்)

2021 ஜனவரியிலிருந்து லேண்ட்லைனில் இருந்து எந்த மொபைலுக்கும் பூஜ்யம் கட்டாயம், பக்கத்துத் தோட்டத்துக்காரர் மொபைலாக இருந்தாலும். லேண்ட்லைன் நம்பர் எந்த இலக்கத்தில் ஆரம்பிக்கிறதோ, அதே இலக்கத்தில் மொபைலும் ஆரம்பித்தால் எக்ஸ்சேஞ்சுக்குக் குழப்பம், பூஜ்யத்தால் அது தீர்ந்தது, புதிதாகக் கோடிக்கணக்கில் மொபைல் நம்பர் கொடுக்க இடமும் கிடைத்தது. 13 இலக்கம் மனிதர்களுக்கு இல்லை, மின்சார மீட்டர், வண்டியில் மாட்டும் கருவி மாதிரி மிஷினுக்கு மிஷின் பேசும் சிம்முக்கு மட்டும். உங்கள் நம்பர் பத்து இலக்கமாகவே இருக்கும். ஏற்காட்டுக்குள் லேண்ட்லைனுக்கு லேண்ட்லைன் என்றால் வெறும் ஆறு இலக்கம் போதும், கீழே சேலத்துக்கு அடிக்க 0427 வேணும்.