விடுபட்ட 600 மீட்டரும் ஒரு கடிதமும்

கேள்வி: தன்னார்வலர்கள் சேர்ந்து பதிவு செய்த சங்கம் எங்களுடையது. கைவிடப்பட்ட ரயில் தடத்தையும் அதையொட்டிய தனியார் நிலங்களையும் இணைத்து, 40 கிலோமீட்டர் நீளத்துக்கு மிதிவண்டித் தடம் அமைத்து வருகிறோம். அதில் 600 மீட்டர் ஒரு தோப்பின் வழியாகச் செல்கிறது. தோப்பின் உரிமையாளரான பெரியவர் 11 ஆண்டுகளுக்கு முன் சம்மதக் கடிதம் கொடுத்தார். அதை நம்பி வாய்க்காலின் மேல் சிறுபாலம் கட்டிச் சரளை பரப்பினோம். அவர் காலமாகிவிட்டார். மூன்று பிள்ளைகளில் இளையவர் இப்போது கேட் போட்டுப் பூட்டிவிட்டு, எங்களைத் திருடர்கள் என்று ஏசுகிறார். தொடக்க விழாவில் மாலை வாங்கிக்கொண்டவரும் அவர்தான். தடத்தை முடிக்க மானியம் வரவிருக்கும் நேரம் இது. இத்தனை ஆண்டுகள் மக்கள் சென்றுவந்த பாதை என்று வழக்குத் தொடரலாமா?

பதில்: மாலையையும் ஏச்சையும் ஒதுக்கி வையுங்கள். அவை உங்களுக்கு எவ்வளவு வலித்தாலும் மனுவில் ஒரு வரிக்குக்கூட உதவமாட்டா. வழக்கைத் தீர்மானிக்கும் கேள்வி ஒன்றுதான்: பெரியவர் உங்களுக்குக் கொடுத்தது வெறும் அனுமதியா, அல்லது நிலத்தின் மீதான உரிமையா?

நீங்கள் அனுப்பியிருந்த கடிதத்தின் நகலைப் படித்தேன். மொத்தம் நான்கு வரிகள். சர்வே எண் இல்லை, பாதையின் அகலம் இல்லை, எவ்வளவு காலத்துக்கு என்பது இல்லை, வாரிசுகளையும் கட்டுப்படுத்தும் என்ற சொல் இல்லை, பதிவும் இல்லை. 'தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்' என்று இருக்கிறது. அதுவும் சங்கத்தின் பெயருக்கு எழுதப்படாமல், அன்றைய செயலாளரை 'அன்புள்ள தம்பி' என்று விளித்து எழுதப்பட்டிருக்கிறது. இது அன்பான கடிதம், ஆனால் உரிமை ஆவணமாகாது. ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபில் இதற்கு உரிமம் என்று பெயர். அதாவது, அத்துமீறல் என்று சொல்லப்படாமல் இருப்பதற்கான அனுமதி, அவ்வளவே. அந்த மரபை ஏட்டில் வடித்த 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, உரிமம் கொடுத்தவர் நிலத்தை வேறொருவருக்கு மாற்றிக்கொடுத்தால், வாங்கியவர் அந்த உரிமத்துக்குக் கட்டுப்பட்டவரல்ல என்கிறது. ஆகவே இளைய மகன் உங்களுடன் வாதாடக்கூட வேண்டியதில்லை. மூவரும் சேர்ந்து தோப்பை வெளியாருக்கு விற்றுவிட்டால் போதும்.

அடுத்தது, நீங்கள் நம்பியிருக்கும் நீண்டகால அனுபோகம், அதாவது பல ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தி வந்தது. அச்சட்டத்தின் 15ஆம் பிரிவு கேட்கும் 20 ஆண்டுகளில் உங்களிடம் 11தான் இருக்கின்றன. 20 ஆண்டுகள் நிறைந்திருந்தாலும் பயனில்லை. அனுபோகத்தால் உரிமை பிறக்க வேண்டுமானால், அது வன்முறையின்றி, ஒளிவுமறைவின்றி, மூன்றாவதாக யாருடைய அனுமதியையும் பெறாமல் உரிமையுடன் நடந்திருக்க வேண்டும். உங்கள் கைவசமுள்ள சிறந்த சாட்சியம் என்று நீங்கள் கருதும் அந்தக் கடிதமே, நீங்கள் அனுமதி பெற்றுத்தான் சென்றீர்கள் என்பதை மெய்ப்பிக்கிறது. அதைத் தாக்கல் செய்தால் அனுபோக வாதம் அன்றே முடிந்துவிடும். தாக்கல் செய்யாவிட்டால் எதிர்த்தரப்பு கேட்டு வாங்கித் தாக்கல் செய்யும். தவிர, வசதியுரிமை என்பது ஒரு நிலத்தின் நலனுக்காக இன்னொரு நிலம் தாங்கும் சுமை. சங்கத்துக்கு அங்கே கைப்பிடி நிலமும் இல்லாதபோது, எந்த நிலத்தின் நலனுக்காக இந்த உரிமையைக் கேட்பீர்கள்?

உங்களுக்குச் சற்றே சாதகமானது சிறுபாலம் மட்டும்தான். அனுமதியை நம்பி நிரந்தரத் தன்மையுள்ள கட்டுமானத்தைச் செலவு செய்து எழுப்பியிருந்தால், அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்று 60ஆம் பிரிவு சொல்கிறது. சரளை அதில் சேராது, கான்கிரீட் பாலம் சேரலாம். ஆனால் கட்டியவர் யார், அனுமதி பெற்றவர் யார் என்ற கேள்வி உடனே எழும். கடிதமோ 'தம்பி'க்கு எழுதப்பட்டது, ரசீதுகளோ சங்கத்தின் பெயரில் இருக்கின்றன. பேச்சுவார்த்தை மேசையில் இந்த வாதம் பயன்படும். பல ஆண்டு நீளும் வழக்கை இதன்மேல் கட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இனி, என்னை உண்மையில் கவலைப்பட வைப்பதற்கு வருகிறேன். இந்த 600 மீட்டரைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். தடம் கடந்து செல்லும் மற்ற தனியார் நிலங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவற்றுக்கும் உங்களிடம் இதே மாதிரிக் கடிதங்கள்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். இத்தகைய சங்கம் ஒன்று ஒரேயொரு உரிமையாளர் மீது வழக்குத் தொடர்ந்து, அண்டை நிலத்துக்காரர்கள் அனைவரையும் விழித்தெழச் செய்ததை நேரில் பார்த்திருக்கிறேன். பெருந்தன்மையாகக் கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதம் நாளை தங்கள் நிலத்தின் மீதே உரிமை கோரும் வழக்காக மாறும் என்று கண்டதும், அவர்கள் ஒவ்வொருவராக வக்கீல் நோட்டீஸ் மூலம் அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். இடைக்காலத் தடையுத்தரவு கிடைத்த மகிழ்ச்சியில் இருந்த அந்தச் சங்கத்துக்கு, வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் இணைக்க வேண்டிய தடமே மிஞ்சவில்லை.

ரயில் தடத்தையும் ஆராயாமல் நம்பாதீர்கள். ரயில்வே அந்த நிலத்தை விலைக்கு வாங்கியிருந்ததா, வழியுரிமை மட்டும் பெற்றிருந்ததா என்பதைப் பழைய ஆவணங்களில் பார்த்தாக வேண்டும். 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்க ரயில் நிறுவனங்களுக்குக் கிடைத்தது வழியுரிமை மட்டுமே என்றும், ரயில்வே அதைக் கைவிட்டதும் அவ்வுரிமை அற்றுப்போய் நிலம் தண்டவாளத்துக்கு அடியிலுள்ள நிலத்தின் உரிமையாளரையே சேரும் என்றும், வயோமிங் மாநிலத்திலிருந்து வந்த பிராண்ட் வழக்கில் 2014ஆம் ஆண்டு அந்நாட்டு உச்சநீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. தண்டவாளத்தைப் பெயர்த்த இடமெல்லாம் பொதுநிலம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது பேரிடியாக இருந்தது.

எனவே சமரசம் பேசுங்கள். தோப்பின் நடுவே செல்லும் பாதையை விட்டுக்கொடுத்து, எல்லையோரமாக ஒரு துண்டு நிலத்தை விலைக்குக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் பதிவு செய்த நீண்டகாலக் குத்தகை, அதுவும் கிடைக்காவிட்டால் உள்ளாட்சி அமைப்பின் வழியாகப் பொதுப்பாதையாக அர்ப்பணித்துத் தரும் ஏற்பாடு. கடைசி வழியில் பராமரிப்பையும் விபத்துப் பொறுப்பையும் யார் ஏற்பது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். நில உரிமையாளர்கள் பெரும்பாலும் அஞ்சுவது விழுந்து கால் முறிந்தவர் கேட்கும் இழப்பீட்டைத்தான். காப்பீட்டுச் சான்றுடன் போய்ப் பேசினால் விலையே குறையக்கூடும்.

கட்சிக்காரர்கள் மிக அதிகமாக வழுக்கி விழுவது கையெழுத்தில்தான். சண்டை போட்டவருடன் சமாதானமாகிவிட்ட நிம்மதியில் அவரிடம் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். பிரிபடாத சொத்தில் ஒரு பங்காளி எழுதிக்கொடுப்பது மற்ற இருவரையும் கட்டுப்படுத்தாது; வாய் திறக்காத அந்த இருவர்தான் பாதை போட்டு முடித்த மறுமாதம் நீதிமன்றம் வருவார்கள். மூவரின் கையெழுத்தும் ஒரே பத்திரத்தில் இருக்க வேண்டும். தோப்பு வங்கியில் அடமானத்தில் இருந்தால் வங்கியின் ஒப்புதலும் வேண்டும். இல்லையேல் கடன் தவறி நிலம் ஏலத்துக்குப் போகும் நாளில் உங்கள் குத்தகையும் அதனுடன் போய்விடும்.

மானிய விண்ணப்பத்தில் 'தடத்துக்கான நிலம் முழுவதும் சங்கத்தின் வசம் உள்ளது' என்ற உறுதிமொழி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கேட் பூட்டப்பட்டிருக்கும்போது அதில் கையெழுத்திடுவது பொய்யுரை. மானியம் திரும்பக் கேட்கப்படும்போது கையெழுத்திட்ட நிர்வாகியே முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தால் திருத்தக் கடிதம் அனுப்புங்கள்.

கேட்டின் பூட்டை யாரும் தொட வேண்டாம். ஆர்வம் மிகுந்த உறுப்பினர் ஒருவர் அதை உடைத்துப் படமும் எடுத்து வெளியிட்டால், அடுத்த நாள் நீங்கள் காவல் நிலையத்தில் இருப்பீர்கள்; விலை பேசும் தெம்பு அவர்கள் பக்கம் போயிருக்கும். மூலக் கடிதம் இன்னும் பழைய செயலாளரின் வீட்டில்தான் இருக்கிறது என்றால் அதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மூவரில் மூத்தவரை முதலில் போய்ப் பாருங்கள்.